துர்க்கானா ஏரியும் பூட்டப்பட்ட வடக்கும்

கென்யாவின் வடபகுதியிலுள்ள மார்ஸபிற், மொயாலே போன்ற ஊர்களில் பஸ் ஏறி நைரோபிக்குப் புறப்படுகிறவர்கள், "கென்யாவுக்குப் போய்வருகிறேன்" என்று சொல்லி விடைபெறுவது நெடுங்காலமாக நிலவிவரும் ஒரு வழக்கமாகும். அப்படிச் சொல்கிறவர் கென்யப் பிரஜை. அவர் நிற்கின்ற மண்ணும் கென்ய மண்ணே. ஆயினும் தான் வாழும் இடம் வேறு, நாடு வேறு என்ற உணர்வு அந்த மக்களின் நாவில் மிக இயல்பாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதனைக் கிராமத்து வேடிக்கைப் பேச்சென்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட சட்டங்களின் வரலாறு அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிக் கிடக்கிறது.

துர்க்கானா ஏரிக்கும் அதன் கிழக்கே பரந்து கிடக்கும் மேய்ச்சல் நிலங்களுக்கும் ஒரு பயணம் மேற்கொள்வதற்கான ஆயத்தங்களில் நான் சில மாதங்களாக ஈடுபட்டு வருகிறேன். தேசப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு தூரங்களைக் கணக்கிடுவதில் ஆரம்பித்த வேலை, மெல்ல மெல்ல வரலாற்றுத் தேடலாக மாறிவிட்டது. 'மிகத் தொலைவிலுள்ள பிரதேசம்' என்று பயணக் கைநூல்கள் யாவும் வர்ணிக்கின்ற அந்த நிலம், உண்மையில் எவ்வாறு தொலைவாக்கப்பட்டது என்ற கேள்விக்கு விடை காணாமல் அங்கு போவது முறையன்று என எனக்குத் தோன்றியது. அத்தேடலில் கண்டவற்றையே இங்கு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் ஏரியைப் பற்றிச் சில வார்த்தைகள். உலகிலுள்ள நிரந்தரமான பாலைவன ஏரிகளில் மிகப் பெரியது இதுவே. வடக்குத் தெற்காக 250 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. வட முனை எதியோப்பியாவைத் தொடுகிறது. எதியோப்பிய மலைநாட்டிலிருந்து இறங்கிவரும் ஓமோ நதியே இதற்கு வரும் நீரில் மிகப் பெரும் பங்கினைக் கொண்டுவந்து சேர்க்கிறது. வந்த நீர் வெளியேறுவதற்கு வழி எதுவும் இல்லை. வெயில் குடித்தது போக எஞ்சுவது உவர்ப்பான, பச்சை நிறம் காட்டும் நீர். கரையெங்கும் எரிமலைக் கற்கள். பகலும் இரவும் ஓயாத காற்று. துர்க்கானா மக்கள் தமது மொழியில் இதனை 'மீன் நிறைந்த கடல்' என்று பொருள்படும் பெயரால் அழைப்பர்.

இந்நிலத்தைப் பற்றி எழுதுவோரில் பலர், மனிதக் கால் படாத பூமி என்ற சொற்றொடரைத் தாராளமாகக் கையாள்வதைக் காணலாம். வரலாறு இதற்கு நேர்மாறானது. ஏரியின் மேற்குக் கரையில் லோதகம் என்னுமிடத்தில் ஏறத்தாழ 5000 ஆண்டுகளுக்கு முந்திய பொது மயானம் ஒன்று அகழ்ந்தறியப்பட்டுள்ளது. கற்றூண்களும் கல்வட்டங்களும் கொண்ட அந்த மேட்டின் கீழ் குறைந்தது 580 பேர் அடக்கம் செய்யப்பட்டிருக்கலாம் என 2018ஆம் ஆண்டு வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அவர்கள் ஆடுமாடு மேய்த்தவர்கள். ஆண், பெண், குழந்தை, முதியவர் என்ற பேதமின்றி எல்லோரும் அணிகலன்களுடன் ஒரே இடத்தில் அடக்கப்பட்டிருந்தனர். மன்னனுக்கென்று தனிக் கல்லறை அங்கே காணப்படவில்லை. பெரும் கட்டுமானம் என்றாலே அரசும் அடிமையும் இருந்திருக்க வேண்டும் என்ற பழைய எண்ணத்தை, இடம்விட்டு இடம் நகரும் ஒரு மேய்ப்பர் சமூகம் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே பொய்யாக்கியிருக்கிறது.

'கண்டுபிடிப்பு' என்ற சொல்லும் இவ்வாறே சோதிக்கப்பட வேண்டியது. ஒஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசைச் சேர்ந்த சாமுவேல் டெலகி பிரபுவும் அவரது துணைவர் லுட்விக் ஃபொன் ஹோனலும் 1888 மார்ச் மாதத்தில் இந்த ஏரியின் கரையை அடைந்து, தமது நாட்டு முடிக்குரிய இளவரசரின் பெயரால் அதற்கு ருடோல்ஃப் ஏரி எனப் பெயரிட்டனர். அந்த இளவரசர் மறு ஆண்டு ஜனவரியிலேயே இறந்துபோனார். அவரது பெயர் மட்டும் 1975இல் கென்ய அரசு துர்க்கானா என மாற்றும்வரை எண்பத்தேழு ஆண்டுகள் அந்நீரின் மீது நிலைத்திருந்தது.

ஆனால் இவ்விருவரும் வழி தெரியாத காட்டில் தாமாகவே வழி கண்டுபிடித்தவர்கள் அல்லர். அவர்களது பயணக் கூட்டத்துக்கு வழிகாட்டியாகச் சென்றவர் ஜும்பே கிமமேட்டா என்ற கரையோர வணிகர். யானைத் தந்தம் தேடி உள்நாட்டில் பலமுறை நடந்து பழகியவர். கூட்டத்தில் முக்கிய பொறுப்பில் இருந்த இன்னொருவர் குவல்லா இத்ரீஸ் என்ற ஸோமாலியர். இதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன், 1870இல், இலண்டனிலுள்ள அரச புவியியல் சங்கத்தின் சஞ்சிகையில் கிழக்காபிரிக்க வணிகக் கூட்டங்களின் பாதைகள் பற்றிய நீண்ட கட்டுரை ஒன்று வெளிவந்தது. அதனை எழுதியவர் வேக்ஃபீல்ட் என்ற பாதிரியார். அதற்கான தகவல்களைச் சொன்னவர் ஸாதி பின் அஹேதி என்ற கரையோரத்து மனிதர். அவருடைய நினைவிலிருந்த ஊர்களும், நீர்நிலைகளும், நடைதூர நாட்களும்தான் இலண்டனில் அச்சேறின. ஐரோப்பியர் கண்டுபிடித்ததாகப் பாடநூல்கள் சொல்லும் பல இடங்களுக்குப் பின்னால், இவ்வாறு பெயர் மங்கிப்போன முஸ்லிம் வணிகர்களும் வழிகாட்டிகளும் இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் வடக்கு ஒரு மூலையாக இருக்கவில்லை என்பதையும் இப்பாதைகள் உணர்த்துகின்றன. தந்தமும் கால்நடையும் துணியும் அப்பாதைகளில் போய்வந்தன.

பாதைகள் பூட்டப்பட்டது அதன் பின்னர்தான்.

1902இல் பிரித்தானிய ஆட்சி 'வெளி மாவட்டங்கள் கட்டளைச் சட்டம்' என்றொரு சட்டத்தை இயற்றியது. இதன்கீழ் ஒரு மாவட்டத்தை 'மூடப்பட்ட மாவட்டம்' எனப் பிரகடனஞ் செய்ய முடியும். பிரகடனஞ் செய்யப்பட்ட இடத்துக்குள் நுழைய விரும்புபவர் அரசாங்கத்தின் அனுமதிப் பத்திரம் வைத்திருக்க வேண்டும். வட எல்லைப்புற மாவட்டம் எனப்பட்ட பெரும் பிரதேசம் இவ்வாறு மூடப்பட்டது. 'பாஸ்' என்ற சொல் ஒரு மனிதனின் நடமாட்டத்தை எப்படி ஆளும் என்பதை இச்சஞ்சிகையின் வாசகர்களுக்கு நான் விளக்கவேண்டிய அவசியமில்லை.

இதற்கான காரணங்கள் இரகசியமானவையல்ல. தெற்கேயுள்ள செழிப்பான மேட்டுநிலங்கள் வெள்ளையர்களின் பண்ணைகளாகிக்கொண்டிருந்தன. வடக்கு, அப்பண்ணைகளுக்கும் எதியோப்பியாவுக்கும் இடையே ஒரு தடுப்புச் சுவராக வைக்கப்பட்டது. வடக்கின் கால்நடைகள் தெற்கின் சந்தைக்கு வராமல், நோய்த் தடுப்பு என்ற பெயரில் ஐசியோலோவில் நிறுத்தப்பட்டன. 1933ஆம், 1934ஆம் ஆண்டுகளின் சட்டங்கள், ஒருவர் செய்த குற்றத்துக்காக அவரது குலம் முழுவதன் கால்நடைகளையும் பறிமுதல் செய்யும் அதிகாரத்தை அதிகாரிகளுக்கு அளித்தன. மேய்ப்பனுக்குக் கால்நடைதான் வங்கி, உணவு, மஹர் எல்லாமே. அதனைக் கூட்டாகப் பறிப்பதென்பது ஒரு சமூகத்தின் எலும்பை முறிப்பதற்குச் சமம்.

மூடப்பட்ட நிலத்துக்கு இன்னொரு பயனும் இருந்தது. வெளியுலகம் பார்க்கக் கூடாதவர்களை அங்கே வைக்கலாம். 1952 ஒக்டோபரில் கைதுசெய்யப்பட்ட ஜோமோ கென்யாட்டாவும் அவரது ஐந்து தோழர்களும், அனுமதியின்றி எவரும் நுழைய முடியாத கபெங்குரியா என்ற தூர ஊரில் விசாரிக்கப்பட்டனர். 1953 ஏப்ரலில் தீர்ப்பளிக்கப்பட்டபின் கென்யாட்டா கொண்டுசெல்லப்பட்ட இடம் லோகிடாவுங். அது துர்க்கானா ஏரியின் வடமேற்கே, எதியோப்பிய எல்லைக்கு அண்மையிலுள்ள வரண்ட மலைப்பகுதி. 1959 வரை அங்கு சிறை. அதன்பின் 1961 வரை லொட்வாரில் தடுப்பு வாழ்வு. சுதந்திர கென்யாவின் முதல் தலைவர் தமது வாழ்வின் எட்டு ஆண்டுகளை இந்த ஏரிநாட்டில் கழித்திருக்கிறார்.

அப்படியாயின் அவர் ஆட்சிக்கு வந்ததும் வடக்கின் பூட்டைத் திறந்திருக்க வேண்டும் அல்லவா? நடந்தது வேறு. 1960இல் ஸோமாலியா சுதந்திர நாடானபோது, எல்லைக்கு இப்பாலிருந்த ஸோமாலியரும் முஸ்லிம்களான பொரானா மக்களிற் பலரும் அதனுடன் இணையவே விரும்பினர். 1962இல் பிரித்தானியா அனுப்பிய ஆணைக்குழு இதனைப் பதிவு செய்தது. கென்யாவுடன் இருக்க விரும்பிய சமூகங்களும் வடக்கில் இருந்தன. இணைப்புக் கோரிக்கை ஏற்கப்படவில்லை. 1963 டிசெம்பர் 12ஆம் திகதி கென்யா சுதந்திரமடைந்தது. பதினாறு நாட்களின் பின், டிசெம்பர் 28ஆம் திகதி, வடக்கில் அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டது.

அதனைத் தொடர்ந்த போர் 'ஷிஃப்டா' போர் எனப்படுகிறது. கொள்ளையன் என்பது அச்சொல்லின் பொருள். எதிரியின் பெயரிலேயே அரசியல் நீக்கப்பட்டுவிட்டது. 1966 முதல் மேய்ப்பர்கள் வேலியிட்ட குடியிருப்புகளுக்குள் அடைக்கப்பட்டனர். மேய்ச்சலுக்கு நகர முடியாத கால்நடைகள் மடிந்தன. படையினரால் சுடப்பட்டவையும் ஏராளம். 1967 ஒக்டோபரில் இரு நாடுகளும் அருஷாவில் உடன்பாடு கண்டு போர் ஓய்ந்தது. ஆனால் மார்ஸபிற், ஐசியோலோ மாவட்டங்களையும் உள்ளடக்கிய அந்த விசேட விதிகள் ஓயவில்லை. 1991 நவம்பரில்தான் அவை நீக்கப்பட்டன. 1970இல் நிறைவேற்றப்பட்ட இன்னொரு சட்டம், போர்க்காலத்தில் படையினர் செய்தவற்றுக்காக எவரும் நீதிமன்றம் செல்ல முடியாதவாறு கதவடைத்தது. சிறைவைக்கப்பட்ட மனிதர் விடுதலையானார். சிறையாயிருந்த நிலம் விடுதலையாகவில்லை.

இந்த நீண்ட இருளின் மிகக் கொடிய அத்தியாயம் 1984 பெப்ரவரியில் வஜீருக்கு அண்மையிலுள்ள வகல்லா விமான ஓடுபாதையில் நிகழ்ந்தது. தெகோடியா குலத்து ஆண்கள் சுற்றிவளைக்கப்பட்டு, வெயிலில் நாட்கணக்கில் தடுத்துவைக்கப்பட்டு, கொல்லப்பட்டனர். இறந்தோர் 57 பேர் என்று அரசு நீண்டகாலம் கூறிவந்தது. உயிர்தப்பியோரின் சாட்சியங்கள் அதனைப் பன்மடங்கு கடந்து செல்கின்றன. எஸ். அப்தி ஷேக் என்பவர் 2007இல் இதுபற்றி ஒரு நூலை வெளியிட்டார். உண்மைக்கும் நீதிக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2013இல் தனது அறிக்கையில் இதனை விரிவாகப் பதிவுசெய்தது. ஒரு சமூகத்தின் துயரம் அரச ஆவணத்தில் ஏறுவதற்கு முன், அச்சமூகத்திலிருந்து ஒருவர் எழுதத் துணிய வேண்டியிருந்தது என்பதை எழுத்தாளர்களாகிய நாம் மனங்கொள்ள வேண்டும்.

துப்பாக்கியைவிட அமைதியாக வேலைசெய்த ஒரு காகிதமும் உண்டு. 1965இல் கென்ய அரசு வெளியிட்ட பத்தாம் இலக்கக் கொள்கை அறிக்கை, அபிவிருத்திப் பணத்தை அதிக விளைச்சல் தரும் இடங்களில் இடுவதே முறை என்று கூறியது. நல்ல மழையும், நல்ல மண்ணும், ரயில் பாதையும் உள்ள இடங்களே அவை. அதாவது, காலனித்துவம் வளர்த்த இடங்கள் மேலும் வளரும். அது பூட்டிவைத்த இடங்கள் காத்திருக்கும். தார்ப்பாதை பல தசாப்தங்களாக ஐசியோலோவிலேயே முடிந்துவிட்டது. அதற்கப்பால் பொலிஸ் தடைக்கம்பம், ஆயுதக் காவலுடன் செல்லும் லொறி வரிசை, கல்லும் புழுதியும். ஐசியோலோவிலிருந்து மொயாலே வரையான ஏறத்தாழ 500 கிலோமீற்றர் நீளப் பாதை முழுமையாகத் தாரிடப்பட்டது 2010களின் பிற்பகுதியில்தான். தூரம் என்பதை இயற்கை மட்டும் உண்டாக்குவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இங்கு 'நாடோடி' என்ற நமது சொல்லையும் சற்று விசாரிக்க வேண்டும். ஊரற்று அலைபவன், உடைமையற்றவன் என்ற தொனி அச்சொல்லில் ஏறிவிட்டது. இப்னு கல்தூன் 1377இல் எழுதிய முகத்திமாவில், நாட்டுப்புற வாழ்வை நகர வாழ்வுக்கு முந்திய மூலமாகவும், கூட்டுணர்வின் ஊற்றாகவும் கண்டார். ஏரியின் கிழக்கே சல்பி பாலைவனத்தைச் சுற்றி வாழும் கப்ரா மக்களைப் பற்றி வாசிக்கும்போது அவரது நோக்கின் கூர்மை விளங்குகிறது. அவர்கள் ஒட்டகம் வளர்ப்போர். பாயும் வளைந்த கம்புகளும் கொண்டு பெண்கள் கட்டும் வீடுகள், பிரித்தெடுக்கப்பட்டு ஒட்டகத்தின் முதுகிலேயே அடுத்த மேய்ச்சலுக்குப் போகின்றன. இளைஞர்கள் மந்தைகளுடன் தூரத்து 'ஃபோரா' முகாம்களில் தங்குவர். பால் தரும் ஒட்டகத்தை ஏழைக்கு இரவலாகக் கொடுக்கும் 'தபரே' என்ற வழக்கம், ஒரு குடும்பத்தின் செல்வத்தைப் பல குடும்பங்களின் உரிமையாக்குகிறது. எந்தக் கிணற்றில் யார், எந்த முறையில் நீர் இறைப்பது என்பதற்கெல்லாம் சபையும் தீர்ப்பும் உண்டு. இவர்கள் நாட்டில் ஓடுபவர்கள் அல்லர். போய், திரும்பி வருபவர்கள்.

இதனைச் சொல்லும்போது அவர்களது வாழ்வைப் பொற்காலமாக வரைய நான் விரும்பவில்லை. நீருக்கும் மேய்ச்சலுக்குமான போட்டி அங்கு இரத்தம் சிந்த வைத்திருக்கிறது. 2005 ஜூலையில் துர்பி என்ற கிராமத்தில் பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் கொல்லப்பட்டனர். 2020க்கும் 2022க்கும் இடையே தொடர்ந்து ஐந்து மழைப்பருவங்கள் பொய்த்தன. நாற்பது ஆண்டுகளில் காணாத வரட்சி எனப்பட்ட அக்காலத்தில் மந்தைகளை முழுதாக இழந்த குடும்பங்கள் பல.

திரும்பி வருபவனின் நிலத்தை, அவன் இல்லாத வேளையில் வெறும் நிலம் என்று எழுதிவிடுவது எளிது. ஏரியின் தென்கிழக்கே, ஓயாது காற்று வீசும் ஸரிமா பகுதியில் 365 காற்றாலைகள் நிறுவப்பட்டுள்ளன. 2018இல் தேசிய மின்வலையுடன் இணைக்கப்பட்டு 2019 ஜூலையில் திறந்துவைக்கப்பட்ட அந்நிலையத்தின் வலு 310 மெகாவொற். அதற்காக எழுதிக்கொடுக்கப்பட்ட நிலமோ 150,000 ஏக்கர். அங்கு மேய்த்த சமூகங்கள் 2014இல் வழக்குத் தொடுத்தன. அந்நில உறுதிகள் சட்டப்படி பெறப்பட்டவையல்ல என 2021 ஒக்டோபரில் மேரு நகரிலுள்ள நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கு அதன் பின்னரும் தொடர்ந்தது. மின்சாரம் 400 கிலோமீற்றருக்கு மேல் கம்பிவழியே தெற்கு நோக்கிப் போகிறது. நிலையம் திறக்கப்பட்டபோது கம்பிகளின் கீழிருந்த குடில்களில் விளக்கில்லை. காற்றாலை தீயது என்பதல்ல எனது வாதம். யாரிடம் கேட்டு நட்டார்கள் என்பதே கேள்வி.

நீரின் கதையும் இத்தகையதே. ஓமோ நதியில் எதியோப்பியா கட்டிய மூன்றாவது கிபே அணைக்கட்டு 2015இல் நிரம்பத் தொடங்கியது. ஏரியின் தேசியப் பூங்காக்களை 1997இலேயே உலக மரபுரிமையாக ஏற்றிருந்த யுனெஸ்கோ, 2018இல் அவற்றை ஆபத்திலுள்ள மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. ஏரி வற்றிவிடுமோ என்ற அச்சம் நிலவிய வேளையில், மழை மிகுந்து நீர்மட்டம் உயர்ந்து, லொயங்கலானிக்கு அண்மையில் மீன்பிடித்து வாழும் சிறு சமூகமான எல் மோலோ மக்களின் கரைநிலங்களை மூழ்கடித்தது. வற்றினாலும் பெருகினாலும் முதலில் இழப்பவர் ஒருவரே.

இவ்வளவையும் அறிந்தபின் எனது திட்டம் மாறியது. முதலில் நான் நினைத்திருந்தது விமானத்தில் லொட்வாருக்குப் பறந்து, இரண்டு நாளில் ஏரியைப் பார்த்துத் திரும்புவதாகும். இப்போது கிழக்குப் பாதையைத் தேர்ந்திருக்கிறேன். நீண்ட மழை மார்ச் முதல் மே வரை. குறுகிய மழை ஒக்டோபரிலிருந்து. மழையில் சல்பி சேறாகிவிடும். எனவே ஜூலைக்கும் செப்டெம்பருக்கும் இடையில் போவதே உசிதம். நாட்டுக்குள் நுழைவது இன்று கடினமான காரியமல்ல. 2024 ஜனவரி முதல் விசாவுக்குப் பதிலாக இணையவழி முன்னனுமதி முறை நடைமுறைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான மைல் தொலைவிலிருந்து வரும் எனக்கு இவ்வளவு இலகு. ஆனால் வடக்கில் பிறந்த ஸோமாலியர் தேசிய அடையாள அட்டை பெறுவதற்குப் பல தசாப்தங்களாக விசேட விசாரணைக்கு முகங்கொடுக்க வேண்டியிருந்தது. அவ்விசாரணை முறையை நீக்குவதாக ஜனாதிபதி ரூட்டோ 2025 பெப்ரவரியில்தான் அறிவித்தார்.

நைரோபியில் இரண்டு நாட்களைத் தேசிய சுவடிக்கூடத்துக்கு ஒதுக்கியிருக்கிறேன். பழைய வங்கிக் கட்டடமொன்றில் இயங்கும் அக்கூடத்தில் வட எல்லைப்புற மாவட்ட அதிகாரிகளின் ஆண்டறிக்கைகள் உள்ளன. அனுமதி வழங்கியவர்களின் மொழியை முதலில் வாசிக்க வேண்டும். பின்னர் பஸ்ஸில் ஐசியோலோ. முதலாம் உலகப் போரில் பிரித்தானியருக்காகப் போராடிய ஸோமாலியப் படையினர் குடியேறிய ஊர் அது. அவர்களது பேரப்பிள்ளைகளும் பொரானா, மேரு, துர்க்கானா மக்களும் அங்கு சேர்ந்து வாழ்கிறார்கள். அதன்பின் மார்ஸபிற் மலை, கலச்சா, வட ஹோர், லொயங்கலானி. திரும்பும்போது ஸரிமா காற்றாலைகளின் வழியே லைஸாமிஸ். உள்ளூரவர் ஒருவர் துணையின்றியும், அந்தந்த இடத்துப் பெரியவர்களின் சம்மதமின்றியும் எந்தக் குடியிருப்புக்கும் செல்வதில்லை என்பது திட்டத்தில் நான் எழுதிவைத்துள்ள முதல் விதி. நூறு ஆண்டுகளாக அந்நிலத்துக்குள் நுழைய அனுமதி கொடுத்தவர்கள் அந்நிலத்தவர் அல்லர். இம்முறை அவர்களிடமே கேட்பது நியாயமல்லவா?

ஐசியோலோவுக்கு இரண்டு இரவுகள் தேவையா என்று உடன்வரும் நண்பர் கேட்கிறார். தேவை என்றே கருதுகிறேன். ஊரின் வடக்குப் புறத்தில் தடைக்கம்பம் நின்ற இடத்தை யாரேனும் ஒரு முதியவர் காட்டித்தருவார். அந்த இடத்தைக் கால்நடையாகக் கடந்த பின்னரே வாகனம் ஏறுவதாக இருக்கிறோம்.